வளைகாப்புக்கு முன்னே ஒரு காப்பு

ஆலய மலரில் அம்மன் திருப்புகழைப் பாடாமல் ஊசி மருந்தைப் பற்றி என்ன கட்டுரை என்று மெய்யன்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். மலர்க்குழுவினரும் முதலில் அப்படித்தான் கேட்டார்கள். இதை எழுதியே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு, 2023ஆம் ஆண்டு நமது ஆலய மண்டபத்தில் நடந்த ஒரு வளைகாப்பே காரணம்.

ஏழாம் மாத வளைகாப்பு. இருநூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், உறவினர் ஒருவரின் நான்கு வயதுப் பையன் முகத்திலும் மார்பிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருப்பதை ஒரு பாட்டி கவனித்துவிட்டார். "வெயில் சூடு, நேத்துதான் வந்துச்சு" என்றார் பையனின் தாய். பாட்டி கேட்கவில்லை. "புள்ளத்தாச்சி பக்கத்துல விடாத, மொதல்ல வெளிய கொண்டு போ" என்று சத்தம் போட்டார். பையனை வெளியே அழைத்துப் போனார்கள். மணையில் அமர்ந்திருந்த பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லாரும் ஆறுதல் அடைந்தார்கள்.

சாப்பாடு முடிந்தபின், அதுவரை பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் என்னைச் சமையற்கட்டின் பின்பக்கம் அழைத்துப் போனார். அந்தப் பையனைக் காலையிலிருந்து இடுப்பில் தூக்கி வைத்திருந்தவர் அவர்தான். "டீச்சர், எனக்கு இது ரெண்டாவது மாசம். மூணு மாசம் ஆகட்டும்னு வீட்டுல இன்னும் யார்கிட்டயும் சொல்லல. இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வளைகாப்பில் எல்லாரும் சுற்றி நின்று காத்த பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. உண்மையில் அபாயம் அதிகம் இருந்திருக்கக்கூடியது, யாரும் கவனிக்காத இந்த இரண்டு மாதக் கர்ப்பிணிக்கு. ஏன் என்பதைத்தான் இங்கே எனக்குத் தெரிந்தவரை விளக்கப்போகிறேன். நான் மருத்துவர் அல்லள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தக் கடன் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வேப்பிலையும் ருபெல்லாவும்

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் முன்னோர் வழக்கம். அந்த வீட்டுக்குள் கர்ப்பிணிகள் போகமாட்டார்கள்; அந்த வீட்டாரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிற வீடுகளுக்குப் போகமாட்டார்கள். படித்த பிள்ளைகள் சிலர் இதை மூடநம்பிக்கை என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. தொற்று நோயாளியை ஊரிலிருந்து ஒதுக்கி, ஊராருக்கும் அடையாளம் காட்டிய நல்ல ஏற்பாடு அது. சின்னம்மை போன்றவற்றுக்கு ஓரளவு பயன்பட்டும் இருக்கும்.

ஆனால் வேப்பிலைக்குப் பிடிபடாத நோய் ஒன்று உண்டு. அதுதான் ருபெல்லா. ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்வார்கள். மேலுக்குப் பார்த்தால் மிகச் சாதுவான நோய். இலேசான காய்ச்சல், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டுதல், முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் சிவப்புப் பொரிப் பொரியான தடிப்பு. மூன்று நாளில் மறைந்துவிடும். சிறுபிள்ளைகள் விளையாட்டைக்கூட நிறுத்தமாட்டார்கள். தொற்றியவர்களில் நான்கில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை தடிப்பே இல்லாமல் கடந்துவிடுவார்கள். தமக்கு நோய் வந்ததே அவர்களுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், தடிப்புத் தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மூச்சுக் காற்றின் வழியாகக் கிருமி மற்றவர்க்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. வாசலில் வேப்பிலை செருகும் நேரத்தில் கிருமி தெருவையே ஒரு சுற்று சுற்றி வந்திருக்கும். பாட்டி சத்தம் போட்டது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பையனுக்கு வந்தது ருபெல்லாவாக இருந்திருந்தால், அந்தச் சத்தம் குறைந்தது ஒரு வாரம் தாமதம்.

இத்தனை சாதுவான நோய்க்கு ஏன் இவ்வளவு பேச்சு? கருவில் இருக்கும் சிசுவுக்கு அது சாது அல்ல. கருவுற்ற முதல் மூன்று மாதத்திற்குள் தாய்க்கு ருபெல்லா வந்தால், பத்துக் கருவில் எட்டு, ஒன்பது வரைகூடப் பாதிப்பு ஏற்படலாம். இதயம், கண், காது, மூளை எல்லாம் உருவாகிக்கொண்டிருக்கும் வாரங்கள் அவை. கிருமி தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடியைக் கடந்து உள்ளே போய், வளரும் உயிரணுக்களையே தாக்குகிறது. கரு கலைந்துபோகலாம். நிலைத்தால் குழந்தை கண்ணில் புரையோடு பிறக்கலாம். காது கேளாமல் பிறக்கலாம். பிறந்ததும் தானாக மூடிக்கொள்ளவேண்டிய இதயக் குழாய் மூடாமலே இருந்துவிடலாம். மாதம் ஏற ஏற இந்த அபாயம் குறைகிறது. இருபது வாரம் கடந்தபின் இத்தகைய பாதிப்பு அரிது.

இப்போது நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். கண் பட்டுவிடும் என்பார்கள்; நிலைக்குமோ நிலைக்காதோ என்ற தயக்கமும் உண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் யாருக்கும் தெரியாத அந்த மூன்று மாதமே ருபெல்லாவுக்கு உகந்த காலம். சிலருக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே முதல் ஐந்தாறு வாரம் தெரியாது. தெரியாத ஒருவரைச் சுற்றி யார் காவல் நிற்க முடியும்? ஆகவே காவல் வெளியில் இருந்து பயனில்லை. அது அந்தப் பெண்ணின் இரத்தத்திலேயே முன்கூட்டி இருக்கவேண்டும்.

கண் மருத்துவரின் காத்திருப்பு அறை

இதை உலகம் அறிந்துகொண்ட கதை சுவையானது. 1940இல் ஆஸ்திரேலியாவில், உலகப் போருக்காக இளைஞர்கள் படைமுகாம்களில் கூட்டம் கூட்டமாகச் சேர்க்கப்பட்ட சமயம், ருபெல்லா பெருவாரியாகப் பரவியது. மறு ஆண்டு, சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் என்பாரிடம் பிறவியிலேயே கண்புரை உள்ள பச்சைக் குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அடுத்தடுத்து வந்தனர். அவருடைய காத்திருப்பு அறையில் தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். கர்ப்பமாக இருந்தபோது தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததாக அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். பிற மருத்துவர்களிடமும் விசாரித்து 78 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார் கிரெக். பெரும்பாலான தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்த நோய் வந்திருந்தது. 1941 அக்டோபரில் மெல்போர்ன் நகரில் இதை எடுத்துரைத்தார். மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. ஒரு சாதாரணத் தடிப்பு நோய் கருவைச் சிதைக்கும் என்றால் யார்தான் எளிதில் நம்புவார்கள்?

(தாய்மாரின் பேச்சை வெறும் வம்பு என்று தள்ளிவிடாமல் காது கொடுத்த அந்த மருத்துவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் பேச்சுக்கு நாங்கள் அப்படிக் காது கொடுத்தோமா என்பது வேறு விஷயம்.)

கிருமியைத் தனியே பிரித்தெடுத்தது 1962இல். தடுப்பூசி தயாராகும் முன்னரே 1964, 1965 ஆண்டுகளில் அமெரிக்காவில் பெரும் பரவல் வந்துவிட்டது. ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேருக்கு நோய். சுமார் 20,000 குழந்தைகள் பிறவிக் குறைகளோடு பிறந்தனர். அவர்களில் 11,000க்கும் மேற்பட்டோர் செவிப்புலன் இழந்தவர்கள். 1969இல் அங்கே தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. கிரெக் வாழ்ந்த ஆஸ்திரேலியாவில் ருபெல்லா ஒழிந்துவிட்டதென 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நம் வட்டாரத்தில் சிங்கப்பூர் முந்திக்கொண்டது. 1976இல் ஆரம்பப்பள்ளியை முடிக்கும் மாணவிகளுக்கு ருபெல்லா ஊசி போடத் தொடங்கினார்கள். நம் மலேசியாவில் 1980களின் பிற்பகுதியில் பன்னிரண்டு வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடும் திட்டம் வந்தது. அங்கேதான் என் கதையும் வருகிறது.

ஒரு கையெழுத்து

அப்போது நான் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியை. வேலைக்குப் புதிது. மிஸ்ஸிமார் வரும் நாளுக்கு முன்பே பெற்றோர் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லிப் பாரம் வந்தது. மலாய் மொழியில் இருந்த பாரம். தோட்டத்துப் பெற்றோரில் பலருக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். "பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும் ஊசியாம்" என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னதும் தோட்டத்தில் புரளி கிளம்பிவிட்டது. ஆண் பிள்ளைகளுக்கு இல்லாமல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன ஊசி? குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியாகத்தான் இருக்கும், பின்னால் பிள்ளை பிறக்காது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு மாணவியின் தந்தை பள்ளிக்கே வந்து, "எம் மகளுக்கு வேண்டாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். கோபமாகக்கூடப் பேசவில்லை.

அந்த ஊசி எதற்கு என்பது எனக்குத் தெரியும். பாரத்தோடு வந்த விளக்கத் தாளை நான் படித்திருந்தேன். ஆனால் பெரியவர் ஒருவரிடம், அதுவும் பெண் பிள்ளையின் எதிர்காலக் கர்ப்பத்தைப் பற்றி, இருபத்தைந்து வயதில் நின்று பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. "சரிங்க ஐயா" என்றேன். பாரத்தில் 'இணங்கவில்லை' என்று குறித்தேன். அவ்வளவுதான்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு தைப்பூசத்தன்று அந்த மாணவியைத் தண்ணீர்ப் பந்தலருகே சந்தித்தேன். கையில் நான்கு வயது மகன். இரண்டு காதிலும் கேட்கும் கருவி. இதயக் குழாயை மூட ஒரு வயதுக்குள் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. கருவுற்ற இரண்டாம் மாதத்தில் இரண்டு நாள் இலேசான காய்ச்சல், கழுத்தில் நெறி, முகத்தில் சிவப்பு. வெயில் சூடு என்று மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டாராம். பிள்ளை பிறந்தபின் இரத்தத்தைச் சோதித்துத்தான் ருபெல்லா என்று மருத்துவர் சொன்னாராம். என்மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. மோர் டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே, "அப்பா வேணாம்னு சொன்னப்ப நீங்க ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு டீச்சர். உங்க மேல அவருக்கு அவ்வளவு மரியாதை" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றிரவு நான் தூங்கவில்லை.

அந்த ஒரு வார்த்தை என்னவாக இருந்திருக்கவேண்டும் என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இப்படிச் சொல்லியிருக்கலாம்: 'ஐயா, இது பிள்ளை பிறக்காமல் செய்யும் ஊசி அல்ல, பிறக்கிற பிள்ளை குறையில்லாமல் பிறக்கச் செய்யும் ஊசி. ஆண் பிள்ளைக்கு ஏன் இல்லை என்றால், கருவைச் சுமப்பவள் பெண் என்பதால் அவளுக்கு முதலில் போடுகிறார்கள்.' இரண்டு வாக்கியம். பாடவேளையில் இதைவிடக் கடினமானவற்றை எல்லாம் விளக்கியிருக்கிறேன்.

உண்மையில் ஆண் பிள்ளைகளை விட்டதும் ஒரு குறைதான். மாணவிகளுக்கு மட்டும் போட்டால் அவர்கள் காக்கப்படுவார்கள். ஆனால் கிருமி சிறுவர்களிடையே சுற்றிக்கொண்டே இருக்கும். ஊசி விட்டுப்போன பெண்ணுக்குத் தம்பியோ, கணவனோ, பக்கத்து வீட்டுச் சிறுவனோ அதைக் கொண்டுவந்து தந்துவிடலாம். இதனால்தான் சிங்கப்பூர் 1982இல் ஆண்களுக்கும் விரித்தது. 1990இல் தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசியைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2002 முதல் ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் எம்.எம்.ஆர். உண்டு. 2016 முதல் ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் போடப்படுகிறது. உங்கள் பேரனுக்கு ஏன் ருபெல்லா ஊசி என்று கேட்டால் பதில் இதுதான்: அவனுக்காக மட்டும் அல்ல, அவன் அத்தைக்காகவும்.

உடம்பு பாடம் படிப்பது எப்படி?

தடுப்பூசி என்பது உடம்புக்குக் கொடுக்கும் முன்பயிற்சி. ருபெல்லா ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமிதான்; ஆனால் ஆய்வுக்கூடத்தில் பல தலைமுறை வளர்த்து வலுவிழக்கச் செய்தது. அது உடம்பில் நுழைந்ததும் இரத்தத்தின் காவல் அணுக்கள் அதை இன்னதென்று அறிந்துகொண்டு, அதற்கே பொருந்தும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. முதலில் வருவது ஐ.ஜி.எம். என்னும் வகை, அவசரப் படை போன்றது, சில வாரங்களில் குறைந்துவிடும். அடுத்து வருவது ஐ.ஜி.ஜி.; அது நிலைப்படை. இவற்றைச் சுரக்கக் கற்ற அணுக்களில் சில நினைவை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். உண்மைக் கிருமி வந்தால், அது பெருகி இரத்தத்தில் கலந்து நச்சுக்கொடியைத் தொடும் முன்பே மடக்கிவிடும். ஒரே ஊசி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் இந்தக் காப்பைத் தருகிறது. அது பல்லாண்டு நீடிக்கிறது.

அப்படியானால் கர்ப்பிணிக்கே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. உயிருள்ள கிருமி என்பதால், வலுவிழந்ததாயினும், கருவுற்றபின் போடுவதில்லை. ஊசி போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்கவும் சொல்கிறார்கள். அதே நேரம், கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்களைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்ததில், ஊசியால் எந்தக் குழந்தைக்கும் ருபெல்லாப் பிறவிக் குறை ஏற்பட்டதாகக் காணவில்லை. ஆகவே அப்படி நேர்ந்துவிட்டால் பதறிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொன்னால் போதும். சின்னம்மைக்கான ஊசியும் உயிருள்ள கிருமியே. அதையும் கர்ப்பத்திற்கு முன்னரே போட்டுக்கொள்ளவேண்டும். சின்னம்மையில் ஒரு வித்தியாசம் உண்டு. அது முன்பு வந்திராத கர்ப்பிணி, நோயாளியோடு நெருங்கிப் பழகிவிட்டால், பத்து நாட்களுக்குள் பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த ஆயத்த எதிர்ப்பொருளை ஊசியாகப் போட்டு ஓரளவு காக்க முடியும். நாட்களை எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது, அன்றே ஓடவேண்டும். ருபெல்லாவுக்கு அப்படி நம்பத்தக்க கைமருந்து இல்லை.

இதற்கு நேர்மாறாக, கர்ப்ப காலத்திலேயே போட்டுக்கொள்ளவேண்டிய ஊசிகளும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் "மாசமா இருக்கறப்ப ஊசியே ஆகாது" என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ் என்னும் இரணஜன்னி ஊசி போடுவதை நம் தாய்மார் நெடுங்காலமாக அறிவார்கள். அதில் உயிருள்ள கிருமி இல்லை. சளிக்காய்ச்சல், கக்குவான் இருமல், கோவிட் ஊசிகளிலும் இல்லை. தாய்க்குப் போட்டால் அவர் சுரக்கும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளை நச்சுக்கொடியே பிடித்து இழுத்து உள்ளே அனுப்புகிறது. நான்காம் மாதத்தில் சிறிதாகத் தொடங்கும் இந்த வரத்து, கடைசி இரண்டு மாதத்தில் வெள்ளமாகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் தாயிடம் இருப்பதைக் காட்டிலும் கூடுதலாகவே இருப்பதுண்டு. தாய் தனக்கு வைத்துக்கொள்வதைவிடப் பிள்ளைக்கு அதிகம் கொடுக்கிறாள் என்பது இங்கே உவமை அன்று. அளந்து பார்த்த உண்மை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் எளிதில் நோய்வாய்ப்படுவதற்கு இந்த வெள்ளத்தைத் தவறவிட்டதும் ஒரு காரணம்.

பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் முன் சளிக்காய்ச்சல் ஊசி போட முடியாது. அதுவரை தாய் கொடுத்தனுப்பியதே மூலதனம். 2012இல் பிரிட்டனில் கக்குவான் இருமல் மீண்டும் தலைதூக்கி 14 பச்சிளங்குழந்தைகள் இறந்தன. சொந்த ஊசிக்கு வயது வராத குழந்தைகள். அந்த அக்டோபர் முதல் அங்கே கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். கைக்குழந்தைகளின் நெஞ்சைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் கிருமிக்கும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்க்குப் போடும் ஊசி 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கோவிட் பற்றி நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 2021இல் டெல்டா வகை பரவியபோது நம் நாட்டில் எத்தனை இளந்தாய்மாரை இழந்தோம்! அந்த ஆண்டு மகப்பேற்று மரணங்கள் முந்திய ஆண்டைப் போல் இரு மடங்குக்கும் மேலாயின. நமது மண்டபத்திலும் ஒரு கருமக்கிரியை நடந்தது. பிள்ளைக்கு ஒன்பது நாள் வயது.

இவ்வாறு தாய் தந்த எதிர்ப்பொருள் என்றும் நிற்பதில்லை. மாதங்கள் செல்லச் செல்லக் கரைந்துவிடும். அது நிறைய இருக்கும்போது எம்.எம்.ஆர். ஊசியைப் போட்டால், ஊசியிலுள்ள வலுவிழந்த கிருமியையே அது அழித்துவிடும். குழந்தையின் உடம்பு பாடம் படிக்காது. ஒன்பது மாதம்வரை காத்திருப்பது அதனால்தான்.

யார் கவனிக்கவேண்டும்?

பள்ளியில் ஊசி போட்ட நினைவு இல்லாதவர்கள், அந்நாளில் வராமல் போனவர்கள், இடையில் பள்ளியை விட்டவர்கள் ஆகியோர் கல்யாணத்துக்கு முன் கிளினிக்கில் கேட்டு இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளலாம். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே சக்தி இருந்து மீண்டும் போட்டாலும் கெடுதல் இல்லை. ஜாதகம் பார்க்கும் காலத்திலேயே இதையும் பார்த்துவிட்டால் என்ன என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டிலிருந்து நம் வீடுகளுக்கு மருமகளாக வருகிறவர்களை முக்கியமாகச் சொல்லவேண்டும். இந்தியாவில் தட்டம்மை, ருபெல்லா ஊசியை அரசு பெருந்திட்டமாகத் தொடங்கியது 2017 பிப்ரவரியில்தான். தமிழ்நாடும் முதற்கட்ட மாநிலங்களுள் ஒன்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் போட்டார்கள். (அங்கேயும் புரளி கிளம்பியது. என் தோட்டத்தில் வாய்வழி பரவியது அங்கே வாட்ஸ்அப்பில் பரவியது, வேறு மாற்றமில்லை.) அன்று பதினைந்தைக் கடந்திருந்த பெண்கள், தனியார் மருத்துவரிடம் போட்டிருந்தால் ஒழிய, ஊசி பெற்றிருக்கமாட்டார்கள். அவர்களே இன்று இருபதுகளின் நடுவிலும் முப்பதுகளிலும் இருக்கும் நம் மருமகள்கள். மாமியார்மார் தயவுசெய்து விசாரியுங்கள்.

கருவுற்றபின்தான் சக்தி இல்லை என்று தெரியவந்தால், முதல் சில மாதம் தடிப்பு, காய்ச்சல் உள்ள பிள்ளைகளிடமிருந்து விலகியிருந்து, பிள்ளை பெற்றதும் மருத்துவமனையிலேயே ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. அடுத்த பிள்ளைக்கு அது காவலாகும்.

பாயசம் பரிமாறிய பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுநாள் காலையே நானும் அவரோடு கிளினிக்குக்குப் போனேன். மாமியாரிடம் கோயில் வேலை என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். முடிவு வரும்வரை மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை; நானும்தான். ஐ.ஜி.ஜி. இருந்தது, ஐ.ஜி.எம். இல்லை. அதாவது பழைய காப்பு உண்டு, புதிய தொற்று இல்லை. பையனுக்கு வந்ததும் ருபெல்லா அல்ல என்று பிறகு தெரிந்தது. பெண் குழந்தை பிறந்து, நமது மண்டபத்திலேயே பெயர் சூட்டினார்கள். ஆறாம் ஆண்டில் அந்த ஊசியைப் போட்ட மிஸ்ஸி யார், கையெழுத்துப் போட்டது அப்பாவா அம்மாவா என்பதெல்லாம் அவருக்கு ஞாபகமில்லை. இரண்டு நாள் கை வலித்ததும், அதைச் சாக்காக வைத்து வீட்டுப்பாடம் எழுதாமல் போனதும் மட்டும் நினைவிருக்கிறதாம்.